எந்தத் துறையில் எடுத்த தண்ணீர்?

கோவை மாவட்டத்தில் நொய்யலில் போய்ச் சேரும் ஓர் ஓடை. கடந்த கோடையில் ஒரு நாள் முற்பகல் 11 மணி வாக்கில், ஊர்ப் பாலத்தின் மேல் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்கள் கயிற்றில் கட்டிய வாளியைக் கீழே விட்டுத் தண்ணீர் மொண்டார்கள். இரண்டு பாட்டில்களில் நிரப்பிச் சீட்டு ஒட்டினார்கள். கால் மணி நேரத்தில் புறப்பட்டும் போனார்கள். ஓடையின் தண்ணீர்த் தரத்தைப் பரிசோதிக்க வந்தவர்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

பாலத்திலிருந்து இரண்டு கூப்பிடு தூரம் கீழே அருந்ததியர் காலனி இருக்கிறது. பாலத்துக்கும் காலனித் துறைக்கும் நடுவில்தான் ஊர்ச் சாக்கடை ஓடையில் விழுகிறது. கறிக்கடைக் கழிவைக் கொட்டும் இடமும் அங்கேதான். சிறு பட்டறை ஒன்றின் குழாயும் புதருக்குள்ளிருந்து அங்கேதான் எட்டிப் பார்க்கிறது. இவை மூன்றும் கலப்பதற்கு முன்பே தண்ணீர் மொள்ளப்பட்டுவிட்டது. ஊராட்சியில் குப்பை அள்ளியே வயதாகிப்போன அம்மா ஒருவர் கரையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்மிடம் சொன்னார்: “பாலத்துல மோந்தா பாலத்துத் தண்ணி எப்படின்னுதான் கண்ணு தெரியும். எங்க தண்ணி கீழயில்ல கெடக்குது.”

ஓர் ஓடை நலமாக இருக்கிறதா, நோய்ப்பட்டிருக்கிறதா என்று அறியப் பல முறைகள் உண்டு. அவற்றை நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. ஆனால் எந்த முறையானாலும் அதற்கு முன்னே நிற்கும் கேள்வி, அந்த அம்மா கேட்டதுதான்: எந்தத் துறையில் எடுத்த தண்ணீர்?

பாட்டில் சொல்வதும் சொல்லாததும்

ஆய்வகத்துக்குப் போகும் தண்ணீரில் முதலில் பார்ப்பது கரைந்திருக்கும் ஆக்சிஜன். நம்மைப் போலவே மீனும் புழுவும் மூச்சுவிட வேண்டும். கல்லில் மோதி, நுரைத்து ஓடும் தண்ணீர் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. தேங்கிய தண்ணீரால் அந்த அளவுக்கு வாங்க முடியாது. குளிர்ந்த தண்ணீர் கூடுதலாகத் தாங்கும். வெயிலில் காய்ந்த தண்ணீர் குறைவாகத்தான் தாங்கும்.

அடுத்தது பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. சாக்கடையோ கறிக்கழிவோ ஓடையில் விழுந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தின்னும்போது அவை ஆக்சிஜனை விழுங்குகின்றன. எவ்வளவு விழுங்குகின்றன என்பதே இந்த அளவு. அது கூடக் கூட மீனுக்கு மூச்சு முட்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறு, ஓடைகளின் தண்ணீரை ஏ முதல் இ வரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தக்கது ஏ வகுப்பு. அதில் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஆக்சிஜன் இருக்க வேண்டும், பி.ஓ.டி. 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குளிக்கத் தக்கது பி. அதற்கு ஆக்சிஜன் 5, பி.ஓ.டி. 3. முறைப்படி சுத்திகரித்துக் குடிக்கத் தக்கது சி. மீன் வாழத் தக்கது டி. பாசனத்துக்கும் ஆலைகளைக் குளிர்விப்பதற்கும் மட்டும் ஆவது இ. பி.ஓ.டி. 3 மில்லிகிராமைத் தாண்டும் ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று வாரியம் பட்டியலிடுகிறது. 2018ஆம் ஆண்டுப் பட்டியலில் நாடு முழுவதும் 351 பகுதிகள் இருந்தன. 2022இல் அது 311 ஆனது.

இந்த வகுப்புகளின் அடிப்படையைக் கவனிக்க வேண்டும். ஒரு தண்ணீரை எந்தப் பயனுக்குக் கொள்ளலாம் என்பதை வைத்தே வகுப்பு அமைகிறது. அப்படியானால் அந்த இடத்தில் அந்தத் தண்ணீரை யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுத்தானே முடிவுசெய்ய வேண்டும்? ஊருக்குக் கீழே ஓடுவது பாசனத்துக்குப் போதும் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். ஆனால் அதே இடத்தில் காலனிப் பெண்கள் துணி துவைக்கிறார்கள். பிள்ளைகள் குதித்துக் குளிக்கிறார்கள். ஆட்டையும் எருமையையும் தண்ணீர் காட்ட அங்கேதான் ஓட்டிப்போகிறார்கள். அவர்களுக்கு அது குளிக்கும் துறை. குளிக்கும் துறைக்கு உரிய அளவுகோலைத்தான் அங்கே வைக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். சாக்கடைச் சத்து சேர்ந்த தண்ணீரில் பாசி பெருகிக் கிடக்கும். பகலில் வெயில் ஏற ஏற அந்தப் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். அதனால் நண்பகலில் அளந்தால் அளவு நன்றாகவே தெரியும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை உள்ளே இழுக்கும். விடியலுக்குச் சற்று முன் ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்து போகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், செத்து மிதப்பதும் அந்த நேரத்தில்தான். ஜீப் வருவதோ 11 மணிக்கு. காலைக்கடனுக்கும் கூலி வேலைக்கும் இருட்டோடு எழுந்து ஓடைக்கரையில் நடப்பவர்கள் பார்ப்பதை அந்தப் பாட்டில் பார்ப்பதில்லை.

கல்லைப் புரட்டினால்

பாட்டில் தண்ணீர் அந்த நிமிடத்துக்குத்தான் சாட்சி. நேற்று இரவு திறந்துவிட்ட கழிவு காலைக்குள் ஓடிப் போயிருந்தால் பாட்டில் எதையும் சொல்லாது. ஆனால் ஓடைக் கல்லுக்கு அடியில் மாதக்கணக்கில் வாழும் பூச்சிகள் ஓடிப்போக முடியாது. நடந்ததையெல்லாம் தாங்கினால் இருக்கும். தாங்காவிட்டால் இருக்காது. ஆகவே அவற்றைக் கணக்கெடுப்பது உலகெங்கும் ஓடைகளின் நலத்தை அறியும் முறையாகியிருக்கிறது. பிரிட்டனில் 1970களில் இதற்கென்று ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். மாசைச் சற்றும் தாங்காத பூச்சிக் குடும்பங்களுக்கு 10 மதிப்பெண். எதையும் தாங்கும் புழுக்களுக்கு 1 அல்லது 2. நம் மத்திய வாரியமும் இதுபோன்ற உயிரியல் அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் தூய நீருக்கு நீலம், கடும் மாசுக்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொசுவலைத் துணியை இரண்டு குச்சிகளுக்கு நடுவே கட்டி, ஓட்டத்துக்கு எதிராகப் பிடிக்க வேண்டும். வலைக்கு முன்னால் ஒருவர் நின்று மூன்று நிமிடம் காலால் கல்லையும் மணலையும் கிளற வேண்டும். வலையில் சிக்கியதை ஓடைத் தண்ணீரோடு வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால் போதும். பிள்ளைகளின் கணிதப் பெட்டிக்கு அருகில் கிடக்கும் பூதக்கண்ணாடி ஒன்றும் இருந்தால் நல்லது.

மலையடிவாரத்தில், ஓடை காட்டிலிருந்து இறங்கும் இடத்தில் கல்லைப் புரட்டிப் பார்த்தோம். வால்போல் மூன்று இழை நீட்டிய சிறு பூச்சி கல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. அது மே ஈ என்னும் பூச்சியின் நீர்ப்பருவம். சிறகு முளைத்து வெளியேறிய பிறகு அது ஒன்றிரண்டு நாள்தான் வாழும். அதற்குமுன் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் வளரும். இரண்டு வால் இழைகளோடு தட்டையாக இருந்தது கல் ஈ. மணல் துகளைத் தன் உமிழ்நூலால் ஒட்டி, தனக்கென்று ஒரு சிறு குழாய் வீடு கட்டிக்கொண்ட புழுவும் இருந்தது. இந்த மூன்று இனங்களும் ஒன்றாக இருந்தால் ஓடை நலமாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். மணலுக்குள் அயிரை மீன் புதைவதையும் அங்கே பார்த்தோம்.

ஊர்ப் பாலத்துக்கு அடியில் கல் ஈ இல்லை. மே ஈயில் ஒன்றிரண்டு தென்பட்டன. தட்டானின் நீர்ப்பருவம், நத்தை, தண்ணீர் மேல் சறுக்கி ஓடும் பூச்சி ஆகியவை இருந்தன. நடுத்தர நிலை என்று சொல்லலாம்.

காலனித் துறையில் கல்லைப் புரட்டியபோது அடிப்பக்கம் கறுத்து, முட்டை அழுகிய வாடை வந்தது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அப்படித்தான் இருக்கும். தட்டில் விழுந்தவை எல்லாம் ஒரே மாதிரி சிவப்புப் புழுக்கள். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தீனியாக வாங்கும் அதே ரத்தப்புழு. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதன் உடலிலும் இருப்பதால் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் பிடித்துவைத்து உயிர்வாழ்கிறது. அந்தப் புழு இருப்பது குற்றமில்லை. அது மட்டுமே இருப்பதுதான் நோய்க்குறி. ஒரே ஓடை, ஒரே நாள், மூன்று துறைகள். மூன்றுக்கும் மூன்று முடிவுகள். பாலத்து முடிவு மட்டுமே அரசுப் பதிவேட்டில் ஏறினால், ஓடை நடுத்தர நலத்தோடு இருக்கிறது என்றுதான் ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பூச்சிகள் நிறைந்திருப்பதாலேயே தண்ணீரைக் குடிக்கலாம் என்று பொருளில்லை. நோய்க்கிருமியையும் உலோக நஞ்சையும் பூச்சிகள் காட்டிக்கொடுக்க மாட்டா. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும். சாயமோ ரசாயனமோ கலந்திருக்கும் என்று சந்தேகம் வரும் இடத்தில் ரப்பர் காலணியும் கையுறையும் இல்லாமல் இறங்கக் கூடாது.

கரையும் மணலும் நம் பாட்டிமாரும்

தண்ணீரும் பூச்சியும் மட்டும் ஓடை ஆகாது. கரையைப் பார்க்க வேண்டும். நீர்மருதும் நாவலும் புங்கனும் நிற்கும் கரையில் வேர் மண்ணைப் பிடித்துவைக்கும். நிழல் தண்ணீரைக் குளிர்விக்கும். உதிரும் இலை பூச்சிகளுக்கு இரையாகும். இரண்டு பக்கமும் காங்கிரீட் சுவர் எழுப்பிவிட்டால் பார்க்கத் திருத்தமாக இருக்கும். ஆனால் அதில் ஒட்டி வாழ ஓர் உயிருக்கும் இடமிருக்காது. ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். மழை நின்று எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது? கோடையில் ஓடுவது ஊற்று நீரா, சாக்கடையா? ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதா? படுகையில் மணல் இருக்கிறதா, சேறா, கட்டடக் கழிவா?

மணல் என்றால் நமக்கு வெறும் மணல் அல்ல. ஊர்க்கிணற்றில் இறைக்க விடாத காலத்தில், ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பியவர்கள் நம் பாட்டிமார். மணல்தான் அவர்களுக்கு வடிகட்டி. அந்தப் படுகை அள்ளப்பட்டபோது, சாக்கடை படிந்து சேறானபோது, நம் கிணறு தூர்ந்தது என்று யாரும் எழுதவில்லை. அது கிணறு என்றே யாருடைய கணக்கிலும் இருந்ததில்லை.

கணக்கில் வராத அறிவும் உண்டு. சவுக்காரம் நுரைக்கவில்லை என்றால் தண்ணீரில் கடினம் ஏறிவிட்டது என்று துணி வெளுப்பவர்களுக்குத் தெரியும். சங்கப் பாடல்களிலேயே துறையில் துணி வெளுக்கும் புலைத்தி வருகிறாள். தண்ணீரோடு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உள்ளவர்கள் அவளுடைய வழிவந்தவர்கள். அயிரை எந்த ஆண்டோடு காணாமல் போனது, ஜிலேபிக் கெண்டை எப்போது வந்தது, எந்த மாதத்தில் குளித்தால் உடம்பு அரிக்கிறது என்பதெல்லாம் காலனியில் கேட்டால் கிடைக்கும். எந்த ஆய்வறிக்கையும் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

ஓடைச் சீரமைப்பு என்ற பேச்சு வந்ததும் முதலில் கண்ணில் படுவது கரையோரக் குடிசைகள்தான். சென்னையில் கூவம் கரையில் வாழ்ந்தவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டதை அறிவோம். ஓடையின் நோய்ப் பட்டியலில் முதல் வரியில் எளிய மக்களின் வீடும், கடைசி வரியில் ஆலைக் குழாயும் எழுதப்படுமானால் அந்தப் பட்டியலை ஏற்க முடியாது. கரையில் வந்து குடியேற வைத்தது எது என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். ஊருக்கு மேட்டில் நமக்கு யார் இடம் கொடுத்தார்கள்? பெரும்பாலான ஊர்களில் சேரியும் காலனியும் பள்ளத்தில், நீர் வடியும் திசையில்தானே இருக்கின்றன?

தீட்டும் மாசும்

1927 மார்ச் 20 அன்று மராட்டியத்தின் மஹாத் நகரில், சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கிக் கைநிறைய அள்ளிப் பருகினார். அவரோடு வந்த ஆயிரக்கணக்கான மக்களும் பருகினார்கள். அது பொதுக்குளம். எல்லோருக்கும் அது திறந்துவிடப்பட்டதாக நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று ஆதிக்கச் சாதியினர் சாணம், கோமியம், பால், தயிர் கொண்டு சடங்கு நடத்தினார்கள். அன்றைக்கு யாராவது பி.ஓ.டி. அளந்திருந்தால், அந்தச் சுத்திச் சடங்குக்குப் பிறகுதான் அது கூடியிருக்கும். மனிதர் அள்ளிக் குடித்ததால் தண்ணீருக்கு எதுவும் ஆவதில்லை. குளத்தில் எல்லோருக்கும் உள்ள உரிமையை 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. இங்கே சென்னை மாகாணத்தில் அதற்கு முன்பே, 1924இல், பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

எந்தக் கருவியாலும் அளக்க முடியாத தீட்டை நம் மேல் ஏற்றினார்கள். எல்லாக் கருவியாலும் அளக்க முடிகிற மாசை நம் துறைக்கு இறக்கிவிட்டார்கள். முதலாவதற்கு எதிராக நூறாண்டாகப் போராடுகிறோம். இரண்டாவதையும் அதே போராட்டத்தின் பகுதியாகப் பார்க்க நாம் இன்னும் பழகவில்லை. சுற்றுச்சூழல் என்றால் அது வேறு யாருடைய கவலையோ என்று விட்டுவிடுகிறோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. அதிர வேண்டியதுதான். ஆனால் நாள்தோறும் நம் துறையில் மலமும் சாக்கடையும் கலக்கும்போது யாரும் அதிர்வதில்லை. நாமும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறோம்.

சட்டம் அப்படித் தாண்டிப் போகவில்லை. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்றையோ நீர்நிலையையோ வேறு நீராதாரத்தையோ பயனுக்கு உதவாதபடி கெடுப்பது, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் அந்தப் பிரிவு இருக்கிறது. ஆறு, ஓடை, கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வழக்கமாகப் பயன்படுத்துகிறோம் என்பதற்கும், எப்போதிலிருந்து கெட்டது என்பதற்கும் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தை எழுதிவைக்காமல் இருப்பது நம் குறை.

நொய்யலில் யார் கணக்கில் வந்தார்கள்?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது நொய்யல். திருப்பூர்ச் சாயத் தொழில் பெருகியபோது ஆறு நிறம் மாறியது எல்லோரும் அறிந்தது. நிறத்தைவிடப் பெரிய கேடு உப்பு. துணியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்பைக் கொட்ட வேண்டும். துணியில் ஒட்டாத அந்த உப்பு முழுவதும் கழிவோடு வெளியே வரும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் குறையும். கரைந்த உப்பு போகாது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானது. அணையைத் திறக்க வேண்டாம் என்று கீழே இருந்த விவசாயிகளே போராடும் நிலை வந்தது. விவசாயிகள் தொடுத்த வழக்குகளின் தொடர்ச்சியாக, 2011 ஜனவரியில் சாய, சலவை ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய ஆலைகள் பிறகு இயங்கின.

அந்தப் போராட்டத்தை மதிக்கிறோம். அது இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. ஆனால் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். எவ்வளவு நிலம் கெட்டது, எவ்வளவு பயிர் போனது என்று நிலத்தை வைத்தே அளந்தார்கள். நிலம் உள்ளவருக்கு இழப்பு எழுதப்பட்டது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துக் கூலி வாங்கியவருக்கு எந்த ஏட்டில் எழுதுவது? ஆற்றில் மீன் பிடித்துக் குழம்பு வைத்தவருக்கு? கரைப்புல்லை நம்பி ஆடு வளர்த்தவருக்கு? மணலில் ஊற்றுத் தோண்டியவருக்கு? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களில் பெரும்பாலோருக்கு நிலமில்லை. பட்டா இல்லாதவருக்கு ஆற்றின் மேல் பாடு இருக்கிறது, பங்கு இல்லை என்றால் அந்தக் கணக்கு முழுமையான கணக்கல்ல.

கழிவுக்குள் இறங்குகிறவர்களின் கணக்கும் அப்படித்தான். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச்சேற்றுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. உயிரால் விலை தந்தவர்கள் யாரும் மாசுபடுத்தியவர்கள் அல்லர்.

நாம் செய்யக் கூடியது

ஒன்று. ஒவ்வொரு காலனியிலும் ஓடையின் படத்தை வரைய வேண்டும். எங்கே குளிக்கிறோம், எங்கே துவைக்கிறோம், எங்கே மாடு இறங்குகிறது, எங்கே சுடுகாட்டு வழி கடக்கிறது, எந்தெந்த இடத்தில் சாக்கடையும் குழாயும் விழுகின்றன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வரையும்போது வயதானவர்கள் உடனிருக்க வேண்டும். துறைகளுக்கு நம்மிடையே வழங்கும் பெயர்களையே எழுத வேண்டும்.

இரண்டு. ஆண்டுக்கு மூன்று முறை கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும்: கோடையில் ஒன்று, தென்மேற்குப் பருவமழைக்குப் பின் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒன்று. மழைக்காலத்தில் மட்டும் பார்த்தால் வெள்ளம் மாசைக் கரைத்துக் காட்டாமல் மறைத்துவிடும். ஒவ்வொரு முறையும் காலனித் துறையிலும், அதற்கு மேலே மாசு கலக்காத இடத்திலும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியும். நாள், நேரம், இடம், பார்த்த உயிர்கள், வாடை, நிறம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, படம் எடுத்து வைக்க வேண்டும்.

மூன்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நம் ஓடையில் எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை மணிக்கு மாதிரி எடுத்தது, முடிவு என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்க வேண்டும். 10 ரூபாய்க் கட்டணத்தில் முடிகிற வேலை. எண்களைக் கேட்பதோடு இடத்தையும் கேட்க மறக்கக் கூடாது.

நான்கு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் குடிநீரைப் பரிசோதிக்கப் பயிற்சியும் பெட்டியும் தர வேண்டும் என்பது விதி. நம் ஊராட்சியில் அந்த ஐந்து பேர் யார்? அவர்களில் காலனிப் பெண்கள் எத்தனை பேர்? காலனிக் குழாயில் எப்போது பரிசோதித்தார்கள்? இவற்றைக் கேட்டாலே பல ஊர்களில் கதை வெளியே வந்துவிடும்.

ஐந்து. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. நோட்டோடும் படத்தோடும் போய், காலனித் துறையையும் நிரந்தர மாதிரி எடுக்கும் இடமாகச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்து வரக் கூடாது. அதன் நகலோடு மாவட்ட ஆட்சியரிடம் போகலாம். தேவைப்பட்டால் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி காவல் நிலையத்துக்கும் போகலாம்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்வோம். ஓடையை அளக்க இறங்குகிறோம், அள்ள இறங்கவில்லை. ஆர்வமாக இருக்கிறீர்களே, நீங்களே கொஞ்சம் சுத்தமும் செய்துவிடுங்களேன் என்று நாளை யாராவது மண்வெட்டியை நீட்டுவார்கள். மலக்குழியிலும் சாக்கடையிலும் பாதுகாப்பு ஏற்பாடின்றி மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊர் அழுக்கைத் தலைமுறை தலைமுறையாக அள்ளியவர்கள் நாம். இனி அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று எழுதுவதுதான் நம் வேலை. அதை நிறுத்துவது அரசின் வேலை. அதற்கான செலவு கொட்டியவர்களுடையது.

பாலத்தருகே நின்ற அம்மாவிடம் போன வாரம் பேசினோம். காலனிப் பிள்ளைகள் சிலர் கொசுவலைத் துணியோடு விடியற்காலையில் துறைக்கு வந்தார்களாம். எங்கே கால் வைத்தால் வழுக்கும், எந்தக் கல்லுக்கு அடியில் முன்பு நண்டு இருக்கும் என்று அவர்தான் கரையிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். “நண்டு ஒண்ணும் கெடைக்கல. ஆனா எழுதி வெச்சிருக்கறாங்கோ” என்றார்.

அடுத்த முறை ஜீப் வரும்போது பாலத்தோடு நின்றுவிட வேண்டாம். இரண்டு கூப்பிடு தூரம் இறங்கி வரட்டும். வழிகாட்ட அங்கே ஆளிருக்கிறது.